எடை போடாத மீன்

சளப்.

அதுதான் முதலில் கேட்டது. நனைந்த புடவையைக் கல்லில் அடித்தால் ஒரு சத்தம் வருமே, அது. ஏரியின் மேல் பனிமூட்டம் படுத்துக் கிடந்தது. நீட்டிய கை எனக்கே தெரியவில்லை. எதிர்க்கரையிலிருந்து சளப். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி சளப். யாரோ ஏரியில் துணி துவைக்கிறார்கள் என்று நினைத்தேன். கெங்கமந்து ஏரியில் துணி துவைக்கக் கூடாது, பலகை வைத்திருக்கிறது. சண்டை போடுவதற்காகவே கரையைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். போய்ப் பார்த்தால் துணியும் இல்லை, கல்லும் இல்லை. பெரிய தொப்பி போட்ட ஒரு மனுஷர் முழங்கால் தண்ணீரில் நின்று தூண்டில் வீசிக்கொண்டிருந்தார். வீசுகிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வருஷங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் அக்கம்பக்கத்தில் யாராவது துணி துவைத்தால் எனக்கு அருமைநாயகம் சார் ஞாபகம்தான்.

நீங்கள் குடையா என்று கேட்டீர்களே, இது குடை இல்லை அம்மா. தூண்டில் கோல். துண்டு துண்டாகக் கழற்றி இந்தக் குழாய்க்குள் போட்டிருக்கிறது. உங்கள் காலில் இடித்தால் சொல்லுங்கள், இந்தப் பக்கம் சாய்த்துக்கொள்கிறேன். முன்னால் கேரட் லாரி போகிறது பாருங்கள், எமரால்டு ஊர் வரைக்கும் அதன் பின்னால்தான் நம் பஸ் ஊர்ந்து போகப்போகிறது. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வருகிறீர்களா? கணக்கு டீச்சரா? நல்லதாகப் போயிற்று. அப்படியானால் நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

ஒரு மனுஷர், மீன்பிடிப் பருவத்தின் கடைசி நாளில், அந்த ஏரியிலேயே பெரிய டிரவுட் மீனைப் பிடித்துக் கையில் வைத்துக்கொண்டு, எடை போடாமல் திரும்பத் தண்ணீரில் விடுவாரா?

விட்டார். என் கண்ணெதிரே விட்டார். அதுதான் என் வழக்கு. இருங்கள், முதலில் ஈயைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

ஈ என்றால் சோற்றில் வந்து உட்காருமே, அது இல்லை. தூண்டில் முள்ளின் மேல் நூலும் கம்பளியும் இறகும் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டுவது. எங்கள் தூண்டில் சங்கத்தில் அதை ஈ என்றே சொல்வோம். அதில் மிதக்கிற ஈ ஒரு ஜாதி, மூழ்குகிற ஈ ஒரு ஜாதி. நான் மூழ்குகிற ஈ கட்டுகிறவள். மிதக்கிற ஈயைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. மேலே மினுக்கிக்கொண்டு நிற்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மூழ்குகிற ஈ கீழே போய்விடும். அங்கே அதற்கு என்ன நடக்கிறது என்று கரையில் இருக்கிறவருக்குத் தெரியாது. கயிற்றில் ஒரு சின்ன நடுக்கம் வரும், அவ்வளவுதான் தகவல். அதைக் கவனிக்கத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியும். எவ்வளவு மெல்லிய நடுக்கமானாலும் எனக்குத் தப்பாது. சங்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

ஆறாக இருந்தால் ஓட்டமே ஈயை இழுத்துக்கொண்டு போய் மீனிடம் கொடுத்துவிடும். ஏரித் தண்ணீர் சும்மா கிடக்கிற தண்ணீர். அதில் நாம்தான் ஈக்கு உயிர் கொடுக்க வேண்டும். வீசிவிட்டு மூழ்க விட வேண்டும். அவசரப்படக் கூடாது. பிறகு இடது கை விரல்களாலே கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும், பூத் தொடுக்கிறவள் நாரைச் சேர்ப்பது போல. நாயகம் சார் எப்படி இழுப்பார் தெரியுமா? கிணற்றில் வாளி இழுப்பது போல. மீன் பாவம், வாய் திறப்பதற்குள் ஈ கரைக்கு வந்துவிடும்.

நான் அன்று கரையில் நின்று அதைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. தொப்பியைக் கழற்றினார். டீ ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவராம். சொந்த ஊர் பாளையங்கோட்டையாம். மனைவி இறந்து நெடுநாள் ஆகிவிட்டதாம், ஒரே மகள் வெளிநாட்டிலாம். நான் கேட்டது கயிற்றை ஏன் இழுக்கிறீர்கள் என்று. அவர் சொன்னது இத்தனையும்.

என் பெயர் நீலாயதாட்சி. நாகப்பட்டினத்துக்காரி. முப்பது வருஷம் இங்கே மகளிர் கல்லூரியில் விலங்கியல் நடத்தினேன். கடலைப் பார்த்து வளர்ந்தவள்தான், ஆனால் வீட்டில் மீன் வாசனை ஆகாது. இன்றுவரை நான் மீனை வாயில் வைத்ததில்லை. டிரவுட்டின் வயிற்றை அறுத்து என்ன தின்றிருக்கிறது என்று மட்டும் பார்ப்பேன். அந்தப் பூச்சியை எடுத்துச் சீசாவில் போட்டுக்கொண்டு அதே மாதிரி கட்டுவேன். வாலில் மூன்று இழை என்றால் மூன்றே இழை. நாலாவது வந்தால் பிரித்துவிட்டு மறுபடி கட்டுவேன். ராத்திரி தூக்கம் வராது, நாலு இழையோடு ஒன்று பெட்டியில் இருந்தால்.

இறகு பெட்டைக் கோழியுடையதுதான் வேண்டும். சேவல் இறகு விறைப்பாக நிற்கும், மிதக்கிற ஈக்குத்தான் சரி. பெட்டை இறகு மெத்தென்றிருக்கும், தண்ணீருக்குள் மூச்சு விடுவது போல அசையும். பக்கத்து வீட்டு மாதி கோழி வளர்க்கிறாள், அவளிடம் வாங்கிக்கொள்வேன். உடம்பில் சுற்றுகிற பளபளப்புக்குச் சரிகை. அம்மா எனக்கென்று காஞ்சிபுரத்தில் எடுத்து வைத்த கூறைப் புடவை ஒன்று இருந்தது. கட்டிக்கொள்ளச் சந்தர்ப்பம் வரவில்லை. அசல் சரிகை. பெட்டியில் கிடந்து கறுத்துப் போவதைவிட ஈயில் இருந்தால் மீனாவது பார்க்குமே. கடைசியில் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்தால் முடிச்சு அவிழாது. நிறமில்லாத நகப்பூச்சு. அதைக் கடையில் கேட்கும்போது அந்தப் பெண் என் நகத்தைப் பார்ப்பாள், முகத்தைப் பார்ப்பாள். ஈக்கு என்று சொல்வேன். அதற்கப்புறம் ஒன்றும் கேட்கமாட்டாள்.

சரி. அவருடைய ஈ கடைச் சரக்கு, பார்க்கவே சகிக்கவில்லை. பரிதாபப்பட்டு என்னுடையதில் இரண்டு கொடுத்தேன். அந்தச் சனிக்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு பொட்டலம் டீத்தூள். "மேடம், ஈ போயிடுச்சு" என்றார்.

மறுபடி கட்டிக் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். ஈ போயிடுச்சு. அதற்கடுத்த சனிக்கிழமையும். நல்ல டீத்தூள், அதைக் குறை சொல்லக் கூடாது. இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தே தரம் சொல்கிறவர் அவர். ஆனால் நீங்களே யோசியுங்கள், கெங்கமந்து ஏரிக் கரையில் மரம் கிடையாது. புல்தான். பின்னால் வீசும்போது சிக்குவதற்கு ஒரு கிளை கிடையாது. அடியில் வெறும் சேறு. அங்கே எப்படி அம்மா வாராவாரம் ஈ தொலையும்? என் வாழ்நாளில் இப்படிக் கைப்பிடிப்பு இல்லாத மனுஷரை நான் பார்த்ததில்லை.

அவர் வரும்போதெல்லாம் மாதி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரிப்பாள். தொப்பியைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தொப்பி அவ்வளவு பெரிது. அவரிடமே சொன்னேன், அடுத்த முறை தொப்பி இல்லாமல் வாருங்கள், பக்கத்து வீட்டில் சிரிக்கிறார்கள் என்று. அடுத்த வாரம் தொப்பி இல்லாமல் வந்தார். தலையில் எண்ணெய் தடவிப் படியச் சீவியிருந்தார். மாதி அப்போதும் சிரித்தாள். சில பேருக்குச் சுபாவமே அப்படி.

ஒரு தடவை என்ன செய்தார் தெரியுமா? நகப்பூச்சு வாங்கி வந்தார். நான் எங்கோ பேச்சில் தீர்ந்துபோயிற்று என்று சொல்லியிருக்கிறேன், அதை ஞாபகம் வைத்துக்கொண்டு. அது நல்ல குணம்தான். ஆனால் வாங்கி வந்தது சிவப்பு. நல்ல மருதாணிச் சிவப்பு.

"சிவப்பு எதுக்கு சார்? தலை சிவப்பா இருந்தா மீன் ஓடிடும்" என்றேன்.

"மீனுக்கு இல்லை மேடம்" என்றார்.

பிறகு யாருக்கு? அதைச் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சீசா இன்னும் அலமாரியில் இருக்கிறது. வீண்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் காற்றடித்தது. ஏரிக்கரையில் இருவரும் நின்றிருந்தோம். நல்ல காற்று, அவர் தொப்பி பறந்து என் காலடியில் வந்து கவிழ்ந்தது. எடுத்துத் திருப்பினேன். உள்பக்கத்துப் பட்டியில் வரிசையாக என் ஈக்கள். தொலைந்துபோன ஈக்கள் அத்தனையும். ஒவ்வொன்றாகக் குத்தி வைத்திருக்கிறார். ஒன்றில்கூட தண்ணீர் பட்ட அடையாளமே இல்லை. இறகு கலையவில்லை. சரிகை அப்படியே மின்னுகிறது.

எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள். ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்து கண் வலிக்கக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அந்த மனுஷருக்கு என் ஈயின் மேல் நம்பிக்கை இல்லை. ஒன்றைக்கூடத் தண்ணீரில் போட்டுப் பார்க்கவில்லை. போட்டால் மீன் கடிக்காது என்று முடிவு செய்துவிட்டு, முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்பட்டுத் தொலைந்தது தொலைந்தது என்று சொல்லியிருக்கிறார். இதைவிட அவமானம் உண்டா?

கேட்டேன். முகம் சிவந்துவிட்டது அவருக்கு. நனைத்தால் வீணாகிவிடும் என்று தோன்றியது, அதனால் வைத்துக்கொண்டேன் என்று ஏதோ முணுமுணுத்தார். ஈ நனைவதற்குத்தான் சார் என்றேன். மூழ்குகிற ஈ என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், இனிமேல் ஒன்றுகூடக் கட்டித் தரமாட்டேன், வேண்டுமானால் நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டேன்.

அதற்கு வருத்தப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, விளக்குப் போட்டது போல ஆகிவிட்டது. "அப்ப சொல்லித் தர்றீங்களா மேடம்?" என்றார்.

சொல்லித் தருவதாக நான் சொல்லவே இல்லை. ஆனாலும் புதன், சனி இரண்டு நாளும் வர ஆரம்பித்துவிட்டார். என் வீட்டு ஜன்னலோரம் ஒரு மேஜை இருக்கிறது, அதில் சின்னதாக ஒரு பிடிச்சிராவி. பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்குமே, அதுதான், கையளவு. முள்ளை அதன் வாயில் கொடுத்துத் திருகிவிட்டால் அசையாது, இரண்டு கையும் கட்டுவதற்கு ஓய்வாக இருக்கும். கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் படம் போட்டுக் கொடுத்துச் செய்தது. அதுபோல இன்னொன்று கிடையாது. அதைத் தொட நான் யாரையும் விட்டதில்லை. இவரை விட்டேன்.

அவர் விரல் ஒவ்வொன்றும் ஏலக்கி வாழைப்பழம். நூல் அதில் காணாமல் போய்விடும். அதுகூடப் பரவாயில்லை, முள்ளைப் பார்க்கவே மாட்டார். என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். முள்ளைப் பாருங்கள், என்னை ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். முள் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கடிந்துகொண்டு, நானே கூட்டிக்கொண்டு போய்க் கண் டாக்டரிடம் காட்டினேன். டாக்டர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, இவருக்குக் கிட்டத்துப் பார்வை, தூரத்துப் பார்வை இரண்டும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அந்த டாக்டர் சரியில்லை. கடையில் கண்ணாடி ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். போட்டுக்கொண்டு வந்தார். அதற்கப்புறமும் முள்ளைப் பார்க்கவில்லை.

ஒரு நாள், நான் நூல் சுற்றிக்கொண்டிருக்கும்போது, மேஜையை மெல்லத் தடவிப் பார்த்தார். "என் வீட்ல கிழக்கு ஜன்னல் ஒண்ணு இருக்கு மேடம். காலையில நல்ல வெளிச்சம். இந்த மேஜையை அங்க போட்டா பொருத்தமா இருக்கும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஓஹோ, அப்படியா சங்கதி. பிடிச்சிராவியின் மேல் கண். டீத்தூள் எதற்கு, நகப்பூச்சு எதற்கு, எல்லாம் அப்போது விளங்கிவிட்டது. நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து ஜாக்கிரதையாக இருந்தேன்.

இப்போது சங்கத்து வழக்கம் ஒன்று சொல்ல வேண்டும். பருவம் முடிவதற்கு முந்தின நாள் கூட்டம் போடுவோம். புதிதாக ஈ கட்டியவர்கள் அதற்குப் பெயர் வைத்துக் கொண்டுவர வேண்டும். எல்லோர் முன்னாலும் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைப்பார்கள். செயலாளர் ஈயைத் தண்ணீரில் போட்டு அதன் பெயரைச் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் மூழ்கினால் அது மூழ்குகிற ஈ. அப்புறம் பருவம் முடிவதற்குள் அந்த ஈயில் ஒரு மீனாவது பிடித்து எடை போட்டுக் காட்ட வேண்டும். காட்டினால் ஈயின் பெயரை மண்டபத்துப் பலகையில் தங்க எழுத்தில் எழுதுவார்கள். அது அங்கேயே இருக்கும், நாம் போனபிறகும். எல்லாம் ஆண்கள் பெயராக இருக்கும் அந்தப் பலகையில். ஒரு பெண் பெயர்கூடக் கிடையாது. எனக்கு அதில் ஆசை கிடையாது, சும்மா சொல்கிறேன்.

நாயகம் சார் அந்தக் கூட்டத்தில் எழுந்து நிற்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எழுந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். அதற்குள் அவராகவே கட்டிய ஈ. எனக்குத் தெரியாமல் வீட்டில் உட்கார்ந்து கட்டியிருக்கிறார்.

அம்மா, அதை எப்படிச் சொல்வது. ஈயா அது. தலை ஒரு மிளகு அளவு. உடம்பு பருத்துக் கிடக்கிறது, கம்பளியைச் சுற்றிச் சுற்றி வண்டு மாதிரி ஆக்கியிருக்கிறார். இறகு ஒரு பக்கம் மட்டும் நிற்கிறது. வாலை எண்ணிப் பார்த்தேன், ஆறு இழை. சரிகை கடைச் சரிகை, புதுசு. என் மேஜையில் அசல் சரிகை கிடக்கிறதே என்று பிறகு கேட்டேன். "உங்க கூறைப் புடவையிலேருந்து பிரிச்செடுக்க எனக்கு மனசு வரலை" என்றார். அசலுக்கும் போலிக்கும் வித்தியாசம் தெரியாதவர், வேறென்ன.

அதுவும் போகட்டும். செயலாளர் பட்டாபிராமன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஈக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"நீலாயதாட்சி" என்றார் இவர்.

பின் வரிசையில் யாரோ இருமினார்கள். அந்தத் தலைக்கு, அந்த உடம்புக்கு, ஆறு வாலுக்கு, என் பெயர். முப்பது வருஷம் பாடம் நடத்தியவளுக்குச் சபையில் நடந்த மரியாதை இது.

பட்டாபிராமன் ஈயைத் தம்ளரில் போட்டார். "நீலாயதாட்சி" என்றார். மிதந்தது. நீளமான பெயர்தான், நேரம் தாராளமாக இருந்தது. மெதுவாக இன்னொரு தடவை சொன்னார், "நீ-லா-ய-தா-ட்சி." அசையவில்லை. தம்ளரின் நடுவில் மெத்தையில் உட்கார்ந்தது போல உட்கார்ந்திருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு பேர் வெளியே போய்விட்டார்கள். அப்போது இவர் என்ன செய்தார் தெரியுமா? கையை விட்டு ஈயை எடுத்து, அத்தனை பேர் முன்னால், வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு எச்சிலில் நன்றாக ஊறவைத்தார். தூண்டில்காரர்கள் அப்படிச் செய்வதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் என் பெயரை வைத்துவிட்டு உடனே வாயில் போட்டுக்கொள்வதா? எடுத்துத் திரும்பத் தம்ளரில் போட்டார். கல் மாதிரி இறங்கிவிட்டது. செயலாளர் ஒப்புக்கொண்டார்.

நான் அப்போதே ஆட்சேபம் எழுப்பினேன். உயிரோடிருக்கிறவர் பெயரை வைப்பதானால் அவரைக் கேட்க வேண்டாமா என்றேன். பட்டாபிராமன் யோசித்துவிட்டு, மீன் பிடித்தால்தானே பலகை, பிடிக்கிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். எனக்கும் அது சரியென்று பட்டது. அந்த ஈயை எந்த மீனும் தொடப்போவதில்லை.

மறுநாள் கடைசி நாள். சங்கத்துச் சின்னப் படகை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் போனோம். நான் கண்காணிப்புக்காகப் போனேன். மழை எந்த நேரமும் இறங்கலாம் என்று வானம் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. ஏரி அசையவே இல்லை. அவர் துடுப்பைப் படகுக்குள் எடுத்து வைத்தார். அந்த ஈயைக் கயிற்றில் கட்டினார். ரொம்ப நேரம் கட்டினார்.

"இது ஒரு மீன் பிடிச்சுட்டா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் மேடம்" என்றார்.

இப்போதே கேளுங்கள் என்றேன்.

"மீன் வரட்டும். வரலைன்னா கேக்கிற யோக்கியதை எனக்கு இல்லைன்னு விட்டுடறேன்."

கட்டிய முடிச்சை மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தார். ஒரு இரும்புச் சாமானுக்கு இவ்வளவு பாடா என்று எனக்கே பரிதாபமாகிவிட்டது. ஆனாலும் நான் பதிலை அப்போதே முடிவு செய்துவிட்டேன். கேட்ட பிறகு யோசித்தால் மனசு இளகிவிடும். எனக்கு இளகின மனசு.

வீசினார். முதல் தடவையாக சளப் கேட்கவில்லை. கயிறு அப்படியே நீண்டு போய், மூச்சு விட்டது போல விழுந்தது. மூழ்க விட்டார். அவசரப்படவில்லை. பிறகு அந்த வாழைப்பழ விரல்களாலே கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க ஆரம்பித்தார். நான் சொல்லிக் கொடுத்தபடியே, ஒரு இழைகூடப் பிசகாமல். இத்தனை நாள் தெரிந்துகொண்டேதான் வாளி இழுத்தாரா என்று எனக்கு அப்போது ஒரு சந்தேகம் வந்தது. அதை நான் இன்னும் தீர்த்துக்கொள்ளவில்லை.

கயிறு நடுங்கியது. அவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. "சார்" என்றேன். கோலைத் தூக்கினார், வளைந்துவிட்டது.

அப்புறம் கொஞ்ச நேரம் நான் என்ன பேசினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. விடுங்கள் விடுங்கள் என்றும், பிடியுங்கள் பிடியுங்கள் என்றும் மாறி மாறிச் சொல்லியிருக்கிறேன். அந்த மீன் படகை ஒரு சுற்றுச் சுற்றியது. ஒரு தடவை மேலே எழும்பியது, ஐயோ, மழைக்கு முந்தின வெளிச்சத்தில் அதன் விலாவில் ஒரு ரோஜாக் கோடு, அதை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. கடைசியில் சோர்ந்துபோய்ப் பக்கத்தில் வந்தது. நான்தான் கைவலையை நீட்டி ஏந்தினேன். இதோ, என் முழங்கையிலிருந்து விரல் நுனி தாண்டி இவ்வளவு. நீங்கள் கணக்கு டீச்சர், நீளத்தை வைத்து எடை சொல்ல முடியுமா? தடிமனும் வேண்டுமா? தடிமன் என் இரண்டு கை சேர்த்தால் எவ்வளவோ அவ்வளவு. யோசித்து வையுங்கள்.

அந்த ஈயைப் போய் எப்படிக் கடித்தது என்று கேட்டால், அது வயதான மீன். கண் சரியில்லாமல் இருந்திருக்கும்.

வலை என் மடியில். மீன் அதில் மூச்சு வாங்குகிறது. முள்ளைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன். அது அடித்த தண்ணீரில் இருவரும் நனைந்துவிட்டோம். அவர் கோலைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

"நீலா" என்றார்.

என் அம்மாவைத் தவிர யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. சாமான் கேட்கிறவர்கள் எப்போதும் இப்படித்தான் குழைவார்கள்.

"வேண்டாம், கேட்காதீங்க" என்றேன்.

"இன்னும் கேக்கவே இல்லையே."

"என்ன கேக்கப்போறீங்கன்னு எனக்குத் தெரியும். ரொம்ப நாளாத் தெரியும். யோசிச்சு முடிவு பண்ணிட்டேன். முடியாது."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மீனைப் பார்த்தார். "சரிங்க மேடம்" என்றார். மறுபடி மேடம் ஆகிவிட்டேன்.

அப்புறம்தான் அது நடந்தது. என் மடியிலிருந்து மீனை இரண்டு கையாலும் எடுத்தார். கரைக்குக் கொண்டுபோய் எடை போடத்தான் பத்திரமாக வைக்கிறார் என்று நினைத்தேன். படகின் விளிம்பில் குனிந்து, தண்ணீருக்குள் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார், குழந்தையைக் குளிப்பாட்டுவது போல. அது கொஞ்சம் கொஞ்சமாகச் செவுளை அசைத்தது. வாலை ஒரு தரம் ஆட்டியது. கையைத் திறந்துவிட்டார்.

போயிற்று. தங்க எழுத்து போயிற்று. நீலாயதாட்சி என்று அந்தப் பலகையில், அத்தனை ஆண்களுக்கு நடுவில், ஏறியிருக்க வேண்டிய பெயர். கையெட்டும் தூரத்தில் இருந்ததைத் திறந்து விட்டுவிட்டார். நான் கத்தவில்லை. எடை போடவில்லையே சார் என்று மட்டும் கேட்டேன். திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் துடுப்புப் போடுகிற சத்தம்தான். மழையும் பெய்தது.

ஒரு பிடிச்சிராவி கொடுக்கவில்லை என்பதற்காக ஒரு மனுஷர் இப்படிச் செய்வாரா? நீங்கள் ஏன் அம்மா இப்படிப் பார்க்கிறீர்கள்?

அந்தச் சனிக்கிழமை ஈ கட்டி வைத்தேன். எனக்குக் கோபம் நிற்காது. வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. டீத்தூள் தீர்ந்துவிட்டது, கடையில் வாங்கினேன், சாயம்தான் இருந்தது, மணம் இல்லை. மாதி வேலியண்டை வந்து, என்ன டீச்சர், சாரைக் காணோம் என்றாள். நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவே இல்லை.

"அவர் என்ன கேக்க வந்தார்னு அவரையே கேட்டீங்களா டீச்சர்?" என்றாள்.

தெரிந்ததை எதற்குக் கேட்பது என்றேன். அவள் கோழியை அடைக்கப் போய்விட்டாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. வயதான மனுஷர், ஒரு சாமானுக்கு ஆசைப்பட்டுவிட்டார். ஒரு வாரத்துக்கு இரவல் கொடுத்தால் குறைந்தா போய்விடுவோம்? பிறகு ஒரு மாதமாக இருந்தாலும் சரி என்று தோன்றியது. பிறகு அவரே வைத்துக்கொள்ளட்டும், நான் அங்கே போய்க் கட்டிக்கொண்டால் போகிறது என்று தோன்றியது, கிழக்கு ஜன்னல் இருக்கிறது என்றாரே. திருகுகளைக் கழற்றினேன். மேஜையில் அது இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். கையளவுதான், ஆனால் கனம் சொல்லி மாளாது. வீடு பூட்டியிருந்தது. சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊரோடு போய்விட்டார் என்று எதிர் வீட்டில் சொன்னார்கள். திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் திருகிவிட்டேன். இப்போது கொஞ்சம் ஆடுகிறது.

லாரி ஒதுங்கிவிட்டது பாருங்கள், இனிமேல் வேகமாகப் போவான். உங்கள் நிறுத்தம் அடுத்தது. எடை என்ன வந்தது? இரண்டரைக் கிலோவா? நான் மூன்று என்று நினைத்தேன். சரி, இரண்டரை.

அவரா? பாளையங்கோட்டையில் இருக்கிறார். போன தை மாதம் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். காலையில் இரண்டு பேரும் சேர்ந்து நடக்கப் போகிறார்களாம்.